இரண்டு மூன்று வயது அளவு

மங்கலம் ரோட்டில் மூன்றாம் மாடி, சாம்பிள் அறை.
பையர் அனுப்பிய படம் சுவரில்:
குழந்தைக்கு இரவுச் சட்டை, இரண்டு மூன்று வயது அளவு,
வெள்ளையில் நீலப் பட்டை, நெட்டுவாக்கில்.
இடப்பக்க நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம்,
ஆறு முனை.

முனை திருப்புவதுதான் சிரமம்.
ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திப்
பாதத்தைத் தூக்கித் திருப்பணும், பன்னிரண்டு தடவை.
நன்றாகத்தான் வந்திருந்தது.
மேசையில் விரித்துத் தடவிக்கூடப் பார்த்தேன்.

சௌபர்ணிகா வந்தாள்,
மெர்ச்சண்டைசிங்குக்குப் புதுசு, பெருமாநல்லூர்ப் பிள்ளை.
அளவு நாடாவை எடுத்தவள் அளக்கவில்லை.
"கனகராசண்ணா, இதை யாருங்க தைக்கச் சொன்னது?"

பத்தாவதில் அவளுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி.
எனக்குப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி.
நின்றபடியே சொன்னாள்.
யூதர் என்றாள். இந்த நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டுதான்
தெருவில் இறங்கணும் என்று சட்டம்.
அப்புறம் ரயில். முகாம். கோடு போட்ட உடுப்பு.
புகை.
அறுபது லட்சம் பேர் என்றாள்.

லட்சம் எங்களுக்குப் பழகின கணக்கு.
இந்தக் கம்பெனியில் நாளைக்கு எட்டாயிரம் பீஸ்.
சீட்டின் பின்பக்கம் வகுத்தேன்.
எழுநூற்று ஐம்பது நாள்.
ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, கரண்ட் போகாது,
ரெண்டு வருசம் தாண்டியும் லைனில் வந்துகொண்டே இருக்கும்,
ஒன்றன் பின்னால் ஒன்று.
"குழந்தைகளுமா?"
"பதினஞ்சு லட்சம்ங்ணா."
அதை வகுக்கக் கை போகவில்லை.

"அத்தனை நட்சத்திரமும் யார் தைச்சிருப்பாங்க?"
பாடத்தில் அது இல்லீங்க என்றாள்.
அம்மாக்களாய் இருக்கும்.
மஞ்சள் துணிக்கு ஏதோ ஒரு மில்லில் ஆர்டர் எடுத்திருப்பான்.
என்னைப்போல ஒருத்தன்
முனை பிசகாமல் வெட்டியிருப்பான்,
பீஸ் ரேட்டுக்கு.

முதலாளி போனில் சத்தம் போட்டார்.
அப்ரூவல் வந்த டிசைன், சீசன் நேரம்,
நமக்கெதுக்கு அம்மணி ஊர் வம்பு.
அம்மணி மெயில் எழுதினாள்.
நான் நூல் பிரிக்கிற கொக்கியை எடுத்தேன்.

மறுநாள் பதில், ஒரே வரி:
வருந்துகிறோம், நட்சத்திரத்துக்குப் பதில் வாத்து.

வாத்து சுலபம். அன்றைக்கே முடிந்தது.
பழைய சாம்பிளை வேஸ்ட் மூட்டையில் போடவில்லை.
ஸ்டீம் வைத்துத் தேய்த்தும்
ஊசித்துளை மூடவில்லை.
டியூப்லைட்டுக்கு நேராய்ப் பிடித்தால்
இன்னும் ஆறு முனை.

நேற்றுச் சேர்ந்த கைமடிப் பையன் மாதேஸ்
டிராயரில் பாபின் தேடியவன் அதை எடுத்து நீட்டினான்.
"டேமேஜ் பீஸாண்ணா?"

மிஷினை நிறுத்துடா என்றேன்.