எடைக்கணக்கு

பல்செட் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை.
பீங்கான்தூள் நிறுக்கிற தராசை
வெள்ளி மாலைகளில் கடன் வாங்கி வருவேன்
சான்டா குரூஸ் துறைமுகத்துக்கு.
கடல்சிங்கங்கள் மிதவைமேடையில் புரண்டு
ஏப்பம் விட்டுக்கொண்டிருக்க
நானும் வென்டலும்
தேயிலைப் பைகளின் நூலை அறுத்தோம்.
நூல் எடை. நுனிக் காகிதமும் எடை.
பல்துலக்கிகளைக் கழுத்தோடு வெட்டினோம்.
வரைபடத்தில் நாங்கள் போகாத அலாஸ்காவைக்
கத்தரித்து எறிந்தோம்.

சிரிக்காதீர்கள்.
இருபத்தேழு அடிப் படகு.
வென்டலின் கூரைவேலை வேனைவிட எடை குறைவு,
அதிலும் பாதி, அடியில் தொங்கும் ஏராவின் ஈயம்.
மீதி, கண்ணாடியிழைத் தோல் இரண்டுக்கு நடுவே
விரல் தடிமன் பால்சா.
எழுபத்தெட்டில்
கோழிகள் காலிசெய்த ஒரு கொட்டகையில்
அலைப்பலகை செய்த பையன்கள் வார்த்தது.
கனத்த படகு கடலை உழட்டும்,
நம்முடையது மேலேறி ஓடிவிடும்
என்பது அவர்கள் கட்சி.

பெயர் 'லிட்டில் டெட்'.
முதல் சொந்தக்காரர் வங்கியை நினைத்து வைத்தது.
நாலாயிரம் டாலருக்கு வாங்கி
ஒன்பதாயிரத்துக்குப் பாய் தைத்தோம்.

ஜூலையில் புறப்பட்டோம், ஹவாய் நோக்கி.
முதல் மூன்று நாள் கவிதைக்கு உதவாது:
பக்கக்காற்று, குளிர், வாந்தி,
ஈரக் கால்சட்டைக்குள் இன்னோர் ஈரக் கால்சட்டை.

நாலாம் நாள் காற்று மெல்லப் பின்னே நகர்ந்தது.
வாடைக்கொண்டல்.
ஸ்பின்னேக்கர் வயிறு திறந்து ஏறியது.
பின்னலை அமரத்தைத் தூக்குகிறது,
அணியம் பள்ளத்தை எட்டிப் பார்க்கிறது,
ஒரு கணம் யோசனை.
பிறகு விழுகிறோம்,
முன்னால்.
பத்து. பதிமூன்று. பதினாறு நாட்.
ஏரா முனகத் தொடங்குகிறது,
ஈரவிரல் கோப்பை விளிம்பில் சுற்றினாற்போல்.
இருபுறமும் எழும் தண்ணீர்ச் சுவருக்கு நடுவே
வென்டல், வயது அறுபத்தொன்று, இரண்டு முட்டியும் செயற்கை,
ஒரே கெட்டவார்த்தையை ராகம் போட்டுக் கத்துகிறான்.
இதை, இந்தப் பதினொரு நொடியைத்தான்
விடுமுறை, சேமிப்பு, ஒரு நல்ல கணவனின் பொறுமை
எல்லாம் கொடுத்து
நூல்நூலாய் வாங்கியிருக்கிறேன்.
அதோ அடுத்த அலை.
இன்னொரு பதினொன்று.

ஒன்பதாம் இரவு நிலா இல்லை.
பின்னால் வந்த கருமேகக் காற்றை
முதலில் கண்டது என் பிடரிதான்.
சுக்கான் என் கையில். தவறும் என்னுடையது.
அரைநொடி தாமதித்தேன்,
படகு காற்றை நோக்கித் திமிறிப் படுத்துக்கொண்டது.
பாய்மர நுனி தண்ணீரில், சுக்கான் ஆகாயத்தில்.
ஸ்பின்னேக்கர் கழி சுள்ளியாய் முறிந்தது.
கீழறையில் ஏதோ ஒன்று
இரும்புக் குரலில் உருண்டது.

எங்கள் படகில் இரும்பு கிடையாது.

விடிந்ததும் கேட்டேன்.
கழிக்குக் கட்டுப் போடுவதில் மும்முரமாய் இருந்தான் வென்டல்.
பிறகு படுக்கைக்கடியில் கைவிட்டு
கந்தல் சுற்றிய பொட்டலத்தை எடுத்தான்:
வார்ப்பிரும்பு வாணலி, நீளக் கைப்பிடியோடு.
தராசு வேண்டியிருக்கவில்லை.
இரண்டரைக் கிலோ, கூடத்தான் இருக்கும்.

என் நூல்கள். என் காம்பில்லாப் பல்துலக்கி. என் அலாஸ்கா.
ஆயிரத்து நானூறு மைல்
அந்த இரும்பைச் சுமந்து ஓட்டியிருக்கிறேன்.
மூன்று மணிநேரம் பேசவில்லை.
பேசாமலிருக்க இருபத்தேழு அடி போதாது.

இரவில் தளத்தில் விழுந்து செத்த பறக்கும் மீன்கள் ஐந்து.
துடைத்தான், கீறினான், உப்பிட்டான்.
ஷாம்புக் குப்பியில் எண்ணெயும் ஒளித்திருந்தான், பாவி.
"அதைக் கடலில் போடு" என்றேன்.
"சாப்பிட்டுவிட்டுப் போடலாம், ரோவீனா."
ஒன்பது நாள் பொடிச்சோற்றுக்குப் பிறகு
தோல் மொறுமொறுக்கும் ஓசை.
முள்ளோடு தின்றேன்.
போடவில்லை.

இருபத்தொன்பது படகுகளில் பதினெட்டாவதாய் வந்தோம்.
பதினேழாவது எங்களுக்கு நான்கு நிமிடம் முன்னால்.
இரண்டரைக் கிலோ எத்தனை நிமிடம் என்று
அவன் கேட்கவில்லை.
கணக்கு என்னிடம் இருக்கிறது.

அடுத்த பந்தயப் பட்டியல் தொடங்கியாயிற்று.
வாணலிக்கு எதிரே எடையை எழுதி,
பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்:
கைப்பிடியை அறுத்துவிடலாம்.