நான்கு அங்குலம்

எதை இழுக்கப் போகிறீர்கள் என்று
கடைக்கு வரும் எல்லோரிடமும் கேட்பேன்.
படகு என்பார்கள். சக்கரம் வைத்த வீடு என்பார்கள்.
ஒருவன், மாமனாரின் டிராக்டர் என்றான்,
மாமனாருக்குத் தெரியாதாம்.
சோல்வெய்க் ப்ராட்டன்
கண்ணாடிக்கு அப்பால் நின்ற தன் பிக்கப்பைப் பார்த்தபடி
மாடுகள் என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
நாற்பத்தொன்று.

அந்த ஆகஸ்டில் மஸல்ஷெல் ஆறு
பாலத்துக்கடியில் வெறும் கூழாங்கல்லாய்க் கிடந்தது.
மொன்டானாவின் எங்கள் பக்கத்தில்
வைக்கோல் விலையை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

மூன்று வகை எடுத்து வைத்தேன்.
தளத்தின் மேலேயே முடுக்கி நிறுத்துவது: மலிவு,
ஆனால் ஏற்றுகிற ஒவ்வொன்றும் அதில் இடிக்கும்.
கழற்றிக் கையில் எடுப்பது:
தேவைப்படுகிற அன்று அது வீட்டில் இருக்கும்.
மூன்றாவது, கவிழ்கிற பந்து.
சக்கர மறைப்புக்குள் கைவிட்டுப் பிடியை இழுத்து
தலைகீழாய்ப் புரட்டிப் போட்டால்
தளம் மறுபடியும் தளம்.

வாத்துக் கழுத்து என்று இதற்குப் பேர் வைத்தவன்
மாட்டுக்காரனாய் இருந்திருக்க மாட்டான்.
டிரெய்லர் வாத்துபோல் கழுத்தை நீட்டி, வளைத்து,
தன் பாரத்தில் கால்வாசியை
வண்டியின் முதுகில் இறக்கிவைக்கும்.
பம்பரில் கட்டி இழுப்பது வாலைப் பிடித்து இழுப்பது.
இது முதுகெலும்போடு பேசுவது.

ஓட்டை போடணுமா என்றாள்.
நான்கு அங்குலம்.
மூட முடியுமா?
மூடி விற்கிறோம், தண்ணீர் இறங்காது.
ஓட்டை இல்லையென்று ஆகிவிடாது.

அப்போதுதான் இரண்டாவது கேள்வி கேட்டேன்,
வியாபாரி கேட்கக் கூடாதது:
ஒரு தடவைக்கா, எப்போதைக்குமா?
ஒரு தடவைக்கென்றால் வாங்காதீர்கள்.
பில்லிங்ஸ் ஏலக்களத்துக்கு மூன்று நடை,
யாராவது வண்டி தருவார்கள்.

வடக்கு டகோட்டாவில் புல் இருக்கிறது என்றாள்.
குத்தகைக்கு. குளிர்காலம் முடிய.
தம்பி ஹால்வர் விற்றுவிடலாம் என்கிறான்.
மந்தையில் பாதி அவனுடையது.
சொல்லிக்கொண்டே
கவிழ்கிற பந்தைக் கவிழ்த்தாள், நிமிர்த்தாள்,
கவிழ்த்தாள்.
இது, என்றாள்.

அடியில் படுத்துத் தண்டுகளைப் பொருத்தினேன்.
புகைக்குழாயை ஒரு கை அளவு இறக்க வேண்டியிருந்தது.
மையம் குறித்தது அவள்தான்:
அச்சுக்கு நேர் மேலே, இரண்டு விரல் முன்னால்.
பின்னால் போனால்
முன்சக்கரங்கள் தரையை மறந்துவிடும்.
சாக்பீஸ் கோடு நேராய் இருந்தது.
இரண்டு முறை அளந்தாள்.
மூன்றாம் முறை அளக்கும்போது
கடையின் போன் அடித்தது.

ஹால்வர்.
அக்கா வண்டி அங்கேதானே?
ஓட்டை போட்டாயிற்றா?

டிரில் என் வலது கையில்.
தளத்தில் சாக்பீஸ் வட்டம், ஒரு கீறல்கூட இல்லை.
ரிசீவரை அவள் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை.
கோட்டின் மேல் படிந்த தூசியை
வாயால் ஊதினாள்.

ஆயிற்று என்றேன்.

இருபத்தாறு வருடத்தில்
வாடிக்கையாளருக்காகப் பொய் சொன்னதில்லை.
அந்தப் பொய்யை மெய்யாக்க
நாலு நிமிடம் பிடித்தது.
இரும்பு கத்தியது. சுருள் சுருளாய்ச் சூடான துருவல்
அவள் பூட்ஸ் மேல் விழுந்தது, நகரவில்லை.

விளிம்பை அரத்தால் ராவி, துருப்பிடிக்காதிருக்கப் பெயிண்ட் பூசி,
போல்டுகளைச் சொன்ன அளவுக்கு முறுக்கி,
சங்கிலிக்கு இரண்டு வளையம் வைத்து
பில் எழுதினேன்.
ஹால்வரிடம் என்ன சொல்வீர்கள் என்று
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.
வெட்டுப்பட்ட வட்டத் தகட்டை
குப்பையில் போடப் போனவனைத் தடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

போன வாரம் பெட்ரோல் பங்கில் பார்த்தேன்.
பின்னால் டிரெய்லர், பலகை இடுக்குகளில்
ஈரமான கறுப்பு மூக்குகள்.
பதிமூன்று எண்ணினேன், கடைசி நடையாக இருக்கலாம்.
கிழக்கே போகிறாளா மேற்கேயா என்று
பங்கில் நிற்கும் வண்டியை வைத்துச் சொல்ல முடியாது.
ஸ்டியரிங் பக்கத்தில் அந்தத் தகடு,
அதன் மேல் காபி.
கையை அசைத்தேன். அவளும் அசைத்தாள்.
பந்தில் கொஞ்சம் கிரீஸ் போடச் சொல்ல
மறந்துவிட்டேன்.