பிழைத்தவை

எண்பத்தொன்று பிப்ரவரி. விடியாத ஐந்தரை மணி.
திஸா ஆற்றின் பனிமூட்டம்
ஸெகெட் நகரத் தெருக்களில் மேய்கிறது.
முதல் டிராமிலிருந்து இறங்குகிறவள்
எடெல்கா பாரன்யாய் மட்டும்தான்.
கையில் சாவிக்கொத்து,
காகிதத்தில் சுற்றிய கசகசா ரொட்டி.

விலங்கறையில் விளக்கைப் போட்டதும்
நாற்பத்தெட்டுக் கூண்டுகளும்
மூச்சைப் பிடித்துக்கொள்கின்றன.

போன திங்களன்று
ஒவ்வோர் எலியின் வயிற்றிலும்
ஒரு ஜெலட்டின் கூட்டை வைத்துத் தைத்தாள்.
கூட்டுக்குள் வேறொன்றுமில்லை,
இன்னோர் எலியின் குடலில் இருந்ததுதான்.
உள்ளே இருக்கும்வரை குடித்தனக்காரர்கள்;
சுவர் தாண்டினால் கொள்ளைக்காரர்கள்.

வாலில் நீல மசி: வெறும் உப்புநீர்.
சிவப்பு: ஒரு மருந்து.
பச்சை: வேறொன்று.
மஞ்சளுக்கு இரண்டும்.

நீலத்தில் மூன்றாம் நாளுக்குள் எட்டுப் போயின.
பச்சையில் ஐந்து.
சிவப்பில் ஒன்றே ஒன்று, அதுவும் முதல் இரவே.
மற்றவை மீசை துடைத்தன, தவிட்டுக்குச் சண்டை போட்டன,
அவள் விரலை முகர்ந்து பார்த்தன.
டாக்டர் கெலெமென் சிவப்பு வரிசை முன் நின்று
மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சிரித்தார்:
'இது போதும், எடெல்கா.
காங்கிரஸுக்கு இதுவே போதும்.'

பேரேட்டில் 'பிழைத்தவை' என்ற கட்டத்தில்
முப்பத்து மூன்று என்று எழுதினாள்.
கூட்டிப் பார்த்தாள். பிழை இல்லை.

ஏழாம் நாள்
பிழைத்தவையெல்லாம் சாகவேண்டும்.
அப்படித்தான் திட்டம்.
ஈதர் ஜாடி, மூடி, எண்ணிக்கை, அடுத்தது.

சிவப்பு வாலைத் திறந்தாள்.
ஈரலின் அடியில் ஒரு கட்டி, செர்ரிக் கொட்டை அளவு,
வெண்தோல் போர்த்து, அமைதியாக.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
பதினொன்றில் பத்து.
முந்தாநாள் தவிட்டுக்குச் சண்டை போட்டதே,
அதற்கு மூன்று கட்டிகள்.

பச்சையில் மிஞ்சிய ஏழும்
கழுவிய கிண்ணம் போல.

ஒரு மருந்து சாவை மறித்தது,
சீழை விட்டுவிட்டது.
ஒன்று சீழைத் துடைத்தது,
சாவுக்கு வழிவிட்டது.
மஞ்சளில் பதினொன்று; ஒன்றில் மட்டும்
கடுகளவு.
டாக்டர் இப்போது சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

இரவு வீட்டில்
கெல்லெர்ட் இரண்டாம் தட்டு மீன்சூப் குடிக்கிறான்.
குடல்வால் வெடித்து
பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன்;
பிழைத்து வந்துவிட்டேன் என்று
மாடிப்படி முழுக்கச் சொல்லியாயிற்று.
கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது.
முகம் மழித்திருக்கிறான்.

'என்ன மருந்து கொடுத்தார்கள்?'
'ஊசி.'
'ஒன்றா, இரண்டா?'
'யார் எண்ணினார்கள்!'

கையுறையைக் கழற்றி
அவன் சட்டைக்குள், வலது விலாவின் கீழே
உள்ளங்கையை வைக்கிறாள்.
ஐஸாய் இருக்கிறது என்று நெளிகிறான்,
கூச்சத்தில் சிரிக்கிறான்.
அவள் கையை எடுக்கவில்லை.
சூப் ஆறுகிறது.