ஆளுக்கு ஒன்பது லீற்றர்

பெப்ரவரி முதற் புதன், பகல் ஒன்றரை மணி.
லாங்கெந்தால் முழுக்கச் சைரன் ஊளையிடுகிறது.
திருமதி எஷ்லிமன் பல்கனியில்
கம்பளம் உதறியபடியே நிற்கிறார்.
தெருவில் ஒரு நாய்கூட நடையை மாற்றவில்லை.
ஒத்திகை என்று ஊருக்கே தெரியும்.
உனக்கும் தெரியும் குலேந்திரன்,
பதினேழு வருடமாகத் தெரியும்.
ஆனாலும் உன் முதுகு
எழும்பிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.
தேநீர் ஆடையிட்டுக் கிடக்கிறது.

எங்கள் கட்டடத்துக்கு அடியில் ஒரு பங்கர்.
கதவு மட்டும் ஒரு சாண் தடிப்பு.
உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகள்,
யாரோ மறந்துபோன வைன் போத்தல்கள்,
காற்றிறங்கிய சைக்கிள்.
இந்த நாட்டுப் பங்கருக்குள்
உருளைக்கிழங்குதான் பதுங்கியிருக்கும்.
"நான் வெட்டின பங்கர் எனக்குக் காணும்" என்பாய்.
எது எடுக்கவும் நான்தான் இறங்குவேன்.

நகரசபை அனுப்பிய சிறு புத்தகம் சொன்னது:
ஆளுக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர்,
ஒரு கிழமைச் சாப்பாடு, பற்றரி றேடியோ,
மெழுகுதிரி, மருந்து, கொஞ்சம் கைக்காசு.
பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
நீ சிரித்தாய்.
"ஓடேக்க நாங்கள் என்ன லிஸ்ற்றா வச்சிருந்தனாங்கள்?"
இல்லைத்தான்.
அதனால்தான் என்று சொல்ல
அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.
நாலு பேருக்கு முப்பத்தாறு என்று பெருக்கி
இரண்டு நடையாய் இழுத்துவந்தேன்.

பத்துக் கிலோ குத்தரிசி. பருப்பு. மீன் ரின்.
மாசிச் சம்பல் ஐந்து போத்தல்
(சம்பல் இல்லாமற்போகும் ஆபத்தை
அந்தப் புத்தகம் எழுதியவர் அறியமாட்டார்).
ஆரணனின் இழுப்பு மருந்து இரண்டு, திகதி பார்த்து.
பிஸ்கட் ரின்னுக்குள் மாதம் ஒரு ஐம்பது பிராங்,
உனக்குச் சொல்லாமல்.
மிதுஷாவுக்கு ஒரு பாடம்:
போன் வேலை செய்யாவிட்டால் எங்கே வருவாய்?
"பள்ளிக்கூட மணிக்கூட்டுக்குக் கீழே."
அங்கேயும் ஏலாவிட்டால்?
"எஷ்லிமன் வீட்டு வாசலில்."
பிறகு அவள் கேட்டாள்:
"அப்பாவும் வருவாரா?"
நீ ரீவியின் சத்தத்தைக் கூட்டினாய்.

வந்தது சைரனோடு அல்ல.
ஒக்டோபரில், ஒரு வெள்ளை உறையில்,
பிழையில்லாத ஜேர்மன் மொழியில்,
உங்கள் உழைப்புக்கு நன்றி என்று தொடங்கி.
உன் பகுதியில் இருபத்திரண்டு பேர்.
வேலையில்லாக் காசுக்கு எழுதிப் போட்டோம்.
படிவத்தில் ஒரு கையெழுத்து குறைந்ததாம்,
எட்டுக் கிழமை இழுபட்டது.
வாடகை மட்டும் நாள் தவறாமல் கேட்டது.

அப்போதுதான் ரின்னைத் திறந்து
மேசையில் கவிழ்த்தேன்.
நீ எண்ணவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்,
கோபமா வெட்கமா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கிழமைக்கொருதரம் கீழே இறங்கினேன்.
அரிசி மூட்டை இளைத்தது.
பிள்ளைகள் பருப்பைக் கண்டு முகம் சுளித்தார்கள்,
ஆனால் ஒருநாளும் பசியோடு படுக்கவில்லை.
நவம்பர்க் கடைசியில் ஒரு மாலை,
எனக்கு முதுகு பிடித்துக்கிடந்தபோது,
"திறப்பைத் தா" என்றாய்.

நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நேரம் போனது.
மிதுஷா வாசலில் போய் நின்றாள்.
மூட்டையும் தலையில் தூசியுமாய் ஏறிவந்து
சோறு வெந்து முடியும்வரை பேசாமலிருந்து
பிறகு சொன்னாய்:
"உள்ளுக்கு லைற் நல்லாய்த்தான் எரியுது."

அடுத்தநாள் பிரிட்ஜ் கதவில்
என் எழுத்துக்குக் கீழே உன் கோணல் எழுத்து:
மணிக்கூட்டுக்குக் கீழ. நான் முந்தி வந்து நிப்பன்.

தையில் உனக்கு வேலை கிடைத்தது,
பழையதைவிடச் சம்பளம் குறைவு.
முதற் சம்பளத்தில் அரிசி வாங்கினோம்.
ரின்னுக்குள் இப்போது இருபதுதான் விழுகிறது.

சைரன் ஓய்கிறது.
திருமதி எஷ்லிமன் கம்பளத்தை மடித்து உள்ளே போகிறார்.
நீ சுவரை விட்டு வந்து
ஆறின தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
பெரிய வழக்கு ஒன்று எடுக்கிறாய்:
"கீழ முப்பத்தினாலரை லீற்றர்தான் இருக்கு.
ஆர் ஒரு போத்தல் எடுத்தது?"