முன்னங்கால்

ஓர் எருமை தண்டவாளத்தைக் கடக்கிறது.
அவ்வளவுதான் கதை.
நாலு நிமிஷம்.
எடுக்கத் தொடங்கி இது மூன்றாவது வருஷம்.

எருமைக்குக் கம்பி எலும்பு,
மேலே பஞ்சு, அதற்கும் மேலே
பழைய குடைத்துணி.
கொம்புக்கு மட்டும் பதினைந்து நாள் பிடித்தது.
தண்டவாளம், சைக்கிள் போக்ஸ் கம்பி.
ரயிலைத்தான் என்னால் செய்யவே முடியவில்லை.
அட்டையில் செய்தால் அட்டையாகவே வந்தது.

நொடிக்குப் பன்னிரண்டு படம்.
கால் ஒரு நூல் நகர்ந்தால் ஒரு கிளிக்.
வால் ஒரு நூல், காது அரை நூல்,
இன்னொரு கிளிக்.
ராத்திரி முழுக்க உட்கார்ந்தால்
ரெண்டு நொடி.

நாலு மணிக்கு மண்டியில் இருக்க வேண்டும்.
ராயக்கோட்டையில் தக்காளி
விடியுமுன்னே விலைபோகும்.
தெலுங்கில் ஏலம், கன்னடத்தில் பேரம்,
தமிழில் நான் எழுதும் ரசீது.

அறைக்குக் கீழே திம்மராயனின் வெல்டிங் பட்டறை.
அவர் ராடை இரும்பில் தொடும்போதெல்லாம்
என் சன்னல் நீலமாக வெடிக்கும்.
எருமை ஒரு படத்தில் கறுப்பு,
மறு படத்தில் வெள்ளை.
போர்வை கட்டினேன். தார்ப்பாய் கட்டினேன்.
விரிசல் பார்த்து உள்ளே வந்தது.

முடிந்தவரைக்கும் வெட்டி ஒட்டி
பதினோரு விழாக்களுக்கு அனுப்பினேன்.
பத்தில் பதிலே இல்லை.
ஒருவர் எழுதியிருந்தார்:
'எருமை எங்கே போகிறது என்பது தெளிவாக இல்லை.'

எனக்கும் தெரியாது ஐயா,
அதைப் பார்க்கத்தானே எடுக்கிறேன்.

இந்தப் பதில் இப்போதுதான் தோன்றுகிறது.
அன்றைக்குப் போனைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

அதே வாரம் தக்காளி கிலோ ரெண்டு ரூபாய்.
பறிகூலிக்கே கட்டாதென்று
வண்டியோடு ஏரிக்கரையில் சாய்த்தார்கள்.
முதலாளி பாதிச் சம்பளத்தை
அடுத்த மாசத்துக்குத் தள்ளினார்.
அக்கா கூப்பிட்டாள்:
'முப்பத்தி நாலு ஆச்சு யசோதா,
எம் பொண்ணே பொம்மையை விட்டுட்டா.'

தூக்கிய முன்னங்கால்
தண்டவாளத்துக்கு மேலே
அப்படியே நின்றுபோனது.
நாற்பத்து மூன்று நாள்.

முதுகில் தூசி ஏறியது.
கொம்புக்கும் சிக்னலுக்கும் நடுவே
ஒரு சிலந்தி கயிறு கட்டியது.
மண்டிக்குப் போனேன், வந்தேன்.
தக்காளித் தொக்கு கிண்டினேன்.
சீரியல் பார்த்தேன்,
நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ராத்திரி பல்பு போய்விட்டது.
இருட்டில் தீப்பெட்டி துழாவும்போது
கீழே திம்மராயன் ராடைத் தொட்டார்.

சுவர் முழுக்க எருமை.
கோட்டைப் பாறை அளவுக்கு எருமை,
ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு,
முகத்தில் மோதும் வெளிச்சத்தை
முறைத்துப் பார்த்தபடி.

ரயில் வந்துவிட்டது.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன்.
'அண்ணா, நான் மேலேருந்து தரையைத் தட்டுறப்போ
ஒரு தடவை தொடணும்.'
'எத்தனை தட்டு?'
'முப்பத்தாறு.'
'படத்துல எவ்ளோ நேரம் வரும்?'
'மூணு நொடி.'
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
'ராடு காசு?'
'விக்காத தக்காளி ரெண்டு பெட்டி இருக்கு.'
'ஒண்ணு போதும். வீட்ல ஏற்கெனவே
மூணு வேளையும் அதான்.'

சிலந்தியை ஒரு காகிதத்தில் ஏற்றி
சன்னலில் விட்டேன்.
தூரிகையால் தூசியைத் தட்டினேன்.
தட்டாமல் விட்டால்
எருமை ஒரே எட்டில் நரைத்துவிடும்.

கடைசியாக எடுத்த படத்துக்கும்
இனி எடுக்கப்போகும் படத்துக்கும் நடுவே
நாற்பத்து மூன்று நாள் கிடக்கிறது.
திரையில் அதை யாரும் பார்க்க முடியாது.
நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
அதற்குள் இமைகூட மூடாது.

குதிகாலால் தரையைத் தட்டினேன்.
நீலம். கிளிக்.
இன்னொரு தட்டு.
நீலம், கிளிக்.
ஏழாவதில் கை நடுங்கிப் படம் வீணானது,
கீழேயிருந்து இருமல் கேட்டது,
மறுபடி தட்டினேன்.

மூன்றே முக்காலுக்கு எண்ணிப் பார்த்தால்
ஒன்பது தேறியது.
கால் இன்னும் மண்ணைத் தொடவில்லை.
ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு
கதவைப் பூட்டினேன்.