ஏழாம் கேள்வி

துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம்.
மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவது பற்றி
உங்கள் கவலை எவ்வளவு?
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் மிகுதி.
குத்தாயிசியில் காலையிலிருந்து மழை.
ரியோனி ஆறு செம்மண் குடித்துவிட்டுப்
பாலத்தின் காலைப் பிடித்து இழுக்கிறது.
நான் ஏழாம் கேள்வியிலேயே நிற்கிறேன்.

ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் விடை தயார்.
சுராபுக்கு ஐந்து. ஆறு இருந்தால் ஆறு.
பழைய சீட்டு முறைதான் மருந்து என்கிறார்:
மேசையில் கவிழ்த்த சீட்டில் ஒன்றை எடு,
வாயைத் திற, தெரிந்ததைச் சொல்.
சோவியத் காலத்துச் சீட்டுப் பெட்டியை
நிலவறையிலிருந்து தூக்கி வந்து
எலிப்புழுக்கை தட்டிக்கொண்டிருக்கிறார்.
கெத்தினோவுக்கு ஒன்று.
பாடத்திட்டம், பரிந்துரைக் கடிதம்,
முன்னாள் கணவனின் வக்கீலுக்குப் பதில்,
எல்லாம் அதுவே எழுதித் தருகிறதாம்.
"சலவை எந்திரம் வந்தபோது
துணி அழுததா?" என்கிறாள்.

மாணவர்களுக்கும் இதே படிவம் போயிருக்கிறது.
ஊரே நீந்தும்போது நான் மட்டும்
கரையில் நின்று நனைய வேண்டுமா என்கிறான் பெசோ.
லீசி அதைத் தொடுவதில்லை.
தொடவில்லை என்று யாரும் நம்பப்போவதில்லை என்பதால்
பக்கத்துக்கு இரண்டு எழுத்துப்பிழை
தெரிந்தே விட்டுவைக்கிறாளாம்.

குவான்ட்சா என்ன குறித்தாள் என்று தெரியாது.

அவள் ஊர் மாங்கனீசுச் சுரங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
நிலம் தாழ்தல் பற்றி மூன்று பக்கம் கொடுத்திருந்தாள்.
எண்ணெய் தடவிய பலகை போல
எங்கு தொட்டாலும் கை வழுக்கிய மூன்று பக்கம்.
நடுவில் ஒரே ஒரு வரி:
"மார்ச்சில் எங்கள் சமையலறை விரிசலுக்குள்
ஒரு விரல் போகும். அக்டோபரில் இரண்டு."
அதன் கீழே சிவப்பில்:
சொந்த அனுபவம். சான்று இல்லை. நீக்குக.
அதன் கீழே என் கையெழுத்து.

நேற்று வந்தாள்.
இரவெல்லாம் ரொட்டி அடுப்பில் வேலை,
புருவத்தில் மாவு.
தாளை மேசையில் வைத்தாள். கோபமில்லை,
கடையில் சில்லறை குறைந்தால் கேட்கும் குரல்:
"மூன்று பக்கமும் நான் எழுதியதில்லை.
அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.
இந்த வரி என்னுடையது.
இதை மட்டும் அடித்திருக்கிறீர்கள்."

தொண்ணூற்று நான்கு கட்டுரைகள்.
திங்கட்கிழமைக்குள் திருத்த வேண்டும்.
எப்படிச் சொல்வது என்று தேடித்
தேடாமலே சொல்லிவிட்டேன்:
"அடித்ததும் நானில்லை."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அப்படியென்றால் அவை இரண்டும்தான் பேசிக்கொண்டனவா?
நான் அடுப்படியில் இருந்தேன்.
நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன்.
அந்த வெள்ளிக்கிழமை மாலை
இதே நாற்காலியில்,
கற்பித்தலின் தரம் பற்றிய
வேறொரு படிவத்தில் இருந்தேன்.

விதிப்படி அவளைப் பற்றி
ஒழுங்குக் குழுவுக்கு எழுத வேண்டும்.
என்னைப் பற்றி யார் எழுதுவது?
கெத்தினோவிடம் கேட்டால்
அதையும் அது எழுதித் தரும் என்பாள்.
மதிப்பெண்ணைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
அந்த வரியின் மேலிருந்த சிவப்புக் கோட்டை
அழிப்பானால் தேய்த்தேன். மை போகவில்லை,
தாள்தான் மெலிந்தது.

"இப்போது எவ்வளவு?" என்று கேட்டேன்.
விளங்காதவள் போல் பார்த்துவிட்டு
மூன்று விரல்களை ஒட்டிக் காட்டினாள்.
"யார் அளக்கிறார்கள்?"
"அம்மா. கரண்டிக் காம்பில் கோடு கீறி."
எழுதிக்கொள் என்றேன், அதுதான் அளவீட்டு முறை.
பேனா கொண்டுவரவில்லை என்றாள்.
என்னுடையதைக் கொடுத்தேன்.
திருப்பித் தராமல் போய்விட்டாள்.

மழை விட்டபாடில்லை.
சுராப் சீட்டுகளை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம்
சுவருக்கு அப்பால்.
மூன்றைத் தொடப் போனேன், விரல் நின்றது.
வெகுநேரம் அசையாதிருந்ததால்
திரை மங்கி, நடுவில் ஒரு சிறு கட்டம்
எட்டாம் கேள்வி போல எழுந்து கேட்கிறது:

நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?