இருபத்திரண்டாவது நகர்வு

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்
'பி' என்று கண்ட இடத்திலெல்லாம் மந்திரியை நகர்த்தியிருந்தார்.
எங்கள் ஊர்க் குறிப்பில் 'பி' என்றால் பாஷ்தியா:
கொத்தளம், மூலையில் நிற்கும் யானை.
யானைக்கும் அடி சறுக்கும், சரி.
குறுக்கே சறுக்காது.

பதினோரு யானைகளை நேர்வழிக்குத் திருப்பியபின்
ஆட்டம் இருபத்து நான்கில் மறுபடி நின்றது.

மிஷ்கோல்ட்ஸ், உருக்காலைச் சாப்பாட்டுக்கூடம்,
டிசம்பர் ஐம்பத்தொன்று.
வெள்ளை: வென்டெல் புஸ்தாய், வார்ப்புப் பட்டறை.
கறுப்பு: எர்வின் லெஹோட்ஸ்கி, சம்பளக் கணக்கு.
எஃப் நான்கு என்கிறது புஸ்தாயின் தாள்.
அந்தச் சிப்பாய் ஒதுங்கினால்
பி ஆறில் பதுங்கியிருக்கும் கறுப்பு மந்திரிக்கு
ராஜாவின் மடிவரை வழி திறந்துவிடும்.
விதி அதை விடாது. கணினியும் விடவில்லை,
சிப்பாய் துள்ளித் தன் கட்டத்துக்கே திரும்பியது.

கையெழுத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
சூட்டுக்கோல் பிடித்த விரல்கள், எஃப் ஏது ஹெச் ஏது.
ஹெச் நான்கு என்று வைத்துப் பார்த்தேன்:
ஆறு நகர்வு அழகாக ஓடி
ஏழாவதில், இல்லாத ஒரு சிப்பாய் வெட்டுப்பட்டது.

மார்ச்சில் சம்பளப் பேரேடுகளுக்கு நடுவே
லெஹோட்ஸ்கியின் தாள் கிடைத்தது.
அதிலும் எஃப் நான்கு.
காப்பியடிக்கிறவன் பிழையையும் சேர்த்தே அடிப்பான்,
அதனால் பிழைகளை எண்ணினேன்.
புஸ்தாய் பதினேழில் 'சி'க்குப் பதில் 'இ' போட்டிருக்கிறார்;
லெஹோட்ஸ்கி சரியாக எழுதியிருக்கிறார்.
லெஹோட்ஸ்கி முப்பதை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்;
காசு எண்ணுகிறவர், பாவம்.
புஸ்தாய் எண்ணவில்லை.
ஆளுக்கொரு தவறு. யாரும் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு எப்படி ஒரே இடத்தில் இருவருக்கும் ஓட்டை?

கெர்கேதான் தாள்களை ஜன்னலில் பிடித்தான்,
காபிக் கறை என்று நான் ஒதுக்கியிருந்ததைக் காட்டினான்.
இருபத்தொன்றுக்குக் கீழே, இரண்டிலும்,
வட்டமாக, ஒளி ஊடுருவ,
மெழுகு.

மின்சாரம் போயிருக்கிறது.
யாரோ மெழுகுவர்த்தி தேடப் போயிருக்கிறார்கள்.
கடிகாரம் மட்டும் நிற்கவில்லை, அது சாவி கொடுத்தது.
ஆகவே இருட்டில், விரலால் தடவி,
ஆளுக்கு ஒரு காய் நகர்த்தியிருக்கிறார்கள்.
வெளிச்சம் வந்ததும் அடுத்ததிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளை நகர்த்தியது எது என்று தெரியும்:
ராஜா, மூலைக்கு.
அதை மட்டும் செருகினால்
எஃப் நான்கு நியாயமாகிறது, மந்திரி வெறும் வழியைப் பார்க்கிறார்,
கடைசிவரை ஒரு காயும் முரண்டு பிடிக்கவில்லை.
கீழ்த்தளத்தில் நான் போட்ட சத்தத்துக்குக்
காவலாளி எட்டிப் பார்த்தார்.

கறுப்பு நகர்த்தியது எது?
தடயம் விடாத நகர்வு.
ஏ ஆறாக இருக்கலாம், அந்தச் சிப்பாய் பிற்பாடு ஏ ஐந்துக்கு
எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.
ராஜா ஹெச் எட்டாக இருக்கலாம்.
ஹெச் ஆறாக இருக்க முடியாது: முப்பத்தொன்பதில்
வெள்ளைக் குதிரை ஹெச் ஏழில்தான் சிப்பாயை வெட்டுகிறது.
வெற்றிடம் விடலாம் என்றால் கணினிக்கு வெற்றிடம் தெரியாது.

ஏ ஆறு என்று தட்டினேன்.
உடனே பக்கத்தில் ஒரு கேள்விக்குறி:
பலவீனமான நகர்வு, கறுப்பின் சரிவு இங்கே தொடங்குகிறது.
எழுபது வருடம் கழித்து ஒரு மனிதரை
நான் தோற்கடித்திருந்தேன்.

அழித்தேன். ராஜா ஹெச் எட்டு.
கேள்விக்குறி மறைந்தது.
எதிரே மரம் மரத்தில் உரசும் சத்தம் கேட்டு
அவரும் தன் ராஜாவை ஓரமாக
ஒதுக்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன்.
இதற்குச் சான்று இல்லை. குறிப்பில் அப்படியே எழுதினேன்:
'இந்த அரை நகர்வு என்னுடையது.'

அவர் எப்படியும் தோற்கத்தான் போகிறார், நாற்பத்தொன்றில்.
தன் தாளில், அழுத்தி, தானே எழுதியிருக்கிறார்:
கறுப்பு விட்டுக்கொடுத்தது.
அந்த வரியில் மட்டும்
இரண்டு தாளுக்கும் பேதமில்லை.